கல்லாவுக்கு முந்தைய நிமிடம்

1998ஆம் ஆண்டு டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள். ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் இருந்த பிசி வேர்ல்டு கடைக்கு ஒருவர் மடிக்கணினி வாங்கப் போனார். இணையத்தோடு இணைக்கும் மோடம் உள்ளேயே பொருத்தப்பட்ட கணினி வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அவருக்குப் பிடித்த கணினியில் அது இருக்கிறதா என்று கடைப் பணியாளரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னார். விலை 1,499 பவுண்டு. வாடிக்கையாளர் 50 பவுண்டு முன்பணம் கட்டினார். மீதி 1,449 பவுண்டுக்கு ஹெச்எஃப்சி வங்கியின் கடன் பத்திரத்தில் கடையிலேயே கையெழுத்துப் போட்டார். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் மோடம் இல்லை. மறுநாளே கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். மேலாளர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

முதல் நாள் ஒருவர் கொடுத்த வாக்கை மறுநாள் இன்னொருவர் மறுத்தார். கடை ஒன்றுதான். அந்த மறுப்பில் தொடங்கிய சச்சரவு நீதிமன்றத்தில் முடியப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அது எங்கே போய் முடிந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். விற்கும்போது அவ்வளவு இணக்கமாக இருந்த கடை, திருப்பி வாங்கும்போது ஏன் அப்படி இறுகிப்போனது? மேலாளரின் சுபாவம், பணியாளரின் பயிற்சிக் குறை என்று சொல்லிவிட்டால் விஷயம் பிடிபடாது. பிரிட்டனின் கடைத்தெருக்களில் வானொலியும் தொலைக்காட்சியும் கணினியும் விற்ற பெரிய கடைகளின் வரலாற்றைப் புரட்டினால், வாடிக்கையாளரிடம் பேசப்பட்ட பேச்சுக்குப் பின்னால் எப்போதும் ஒரு லாபக் கணக்கு இருந்தது தெரிகிறது. லாபம் எந்தப் பக்கம் இருந்ததோ, பேச்சும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிரிட்டனில் எந்த ஊருக்குப் போனாலும் பிரதானக் கடைத்தெருவுக்கு ஹை ஸ்ட்ரீட் என்று பெயர். அந்தத் தெருவில் மின்பொருள் விற்ற பெரிய பெயர்கள் எல்லாமே வேறு ஏதோ ஒரு தொழிலில் தொடங்கியவை. கரீஸ், 1880களில் லெஸ்டர் நகரில் ஹென்றி கரி சைக்கிள் செய்து விற்றதிலிருந்து வந்தது. டிக்ஸன்ஸ், 1937இல் சவுத்எண்டில் சார்லஸ் கால்ம்ஸ் தன் கூட்டாளியோடு திறந்த புகைப்பட நிலையம். பெயர்ப்பலகையில் ஆறு ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம் இருந்ததால், தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பெயரைப் பிடித்தார்களாம். காமெட், 1933இல் ஹல் நகரில் பேட்டரிக் கடையாகப் பிறந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் வானொலிப் பெட்டிகள் கனமான பேட்டரியில் ஓடின. வாரம் ஒருமுறை காமெட்டின் ஆள் வீட்டுக்கு வந்து, தீர்ந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு மின்னேற்றம் செய்ததை வைத்துவிட்டுப் போவார். அங்கே விற்கப்பட்டதே சேவைதான். ஒரு வாரம் ஆள் வராவிட்டால் வானொலி பாடாது. அடுத்த வாரம் காசும் வராது.

தொலைக்காட்சி வந்த பிறகும் இந்த முறை வேறு வடிவத்தில் தொடர்ந்தது. பழைய வால்வுத் தொலைக்காட்சிகள் அடிக்கடி பழுதாகும், விலையும் அதிகம். அதனால் பிரிட்டிஷ் குடும்பங்கள் அவற்றை வாங்காமல் வாடகைக்கு எடுத்தன. 1930இல் பிரைட்டனில் தொடங்கிய ரேடியோ ரென்டல்ஸ் போன்ற நிறுவனங்கள் இதில் பெரிதாக வளர்ந்தன. 1970களில் வண்ணத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை வாடகைப் பெட்டிகளே. பெட்டி பழுதானால் மெக்கானிக்கை அனுப்புவது கடையின் பொறுப்பு, செலவும் கடையுடையது. எனவே பழுதாகாத பெட்டியைக் கொடுப்பதில் கடைக்கும் அக்கறை இருந்தது. வாடிக்கையாளரின் நலனும் கடையின் லாபமும் ஒரே திசையில் போன காலம் அது. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் இன்றைய கடைக்காரர்களைவிட நல்லவர்களாக இருந்திருக்கத் தேவையில்லை. ஏற்பாடு அப்படி இருந்தது, அவ்வளவே.

இரண்டு மாற்றங்கள் அந்த ஏற்பாட்டைக் கலைத்தன. 1964 வரை, ஒரு பொருளைக் கடையில் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று அதைத் தயாரித்தவரே கட்டாயப்படுத்த முடிந்தது. அந்த ஆண்டு வர்த்தக அமைச்சராக இருந்த எட்வர்டு ஹீத் கொண்டுவந்த சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. விலைப்போட்டி வெடித்தது. 1960களின் இறுதியில் காமெட் தன் பழைய தொழிலை விட்டுவிட்டு, கிடங்கு போன்ற கட்டடங்களில் தள்ளுபடி விலைக்கு விற்கத் தொடங்கியது. மறுபுறம், டிரான்சிஸ்டர்கள் வந்ததும் பெட்டிகள் உறுதியாயின. வாடகைக்கு எடுக்க வேண்டிய அவசியம் குறைந்தது. மக்கள் சொந்தமாக வாங்கினார்கள். வாங்குபவருக்கு இரண்டுமே நல்ல செய்திகள். கடைக்கோ, ஒரு தொலைக்காட்சியை விற்றால் கையில் நிற்கும் பணம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. பக்கத்துக் கடை பத்து பவுண்டு குறைத்தால் இந்தக் கடையும் குறைக்க வேண்டும்.

அப்போதுதான் கடைகள், பழைய வாடகை முறைக்குள் அடங்கியிருந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து விற்கலாம் என்று கண்டுகொண்டன. பழுதாகிவிடுமோ என்ற பயம்தான் அது. தயாரிப்பாளரின் ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகு மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று கூடுதல் பாதுகாப்பு தரும் நீட்டிப்பு வாரண்டிகள் 1980களில் கடைத்தெருவெங்கும் பரவின. பொருள்கள் முன்னைவிட உறுதியாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பழுதுக்கான காப்பீட்டின் விற்பனை ஏறியது.

இந்த வாரண்டி விற்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் சலவை இயந்திரம் வாங்க வருகிறார். நான்கு கடை ஏறி இறங்கி, விலையை ஒப்பிட்டு, வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறார். இயந்திரத்தின் விலை அவருக்கு மனப்பாடம். வாரண்டியைப் பற்றி அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பேரமெல்லாம் முடிந்து, பணம் எடுக்கப் பையில் கைவிடும் நேரத்தில் பணியாளர் கேட்கிறார்: இது மூன்றாவது வருடம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? சற்று முன்வரை இந்த இயந்திரம் எவ்வளவு நம்பகமானது என்று சொன்ன அதே குரல் இப்போது அது பழுதாகும் நாளைப் பற்றிப் பேசுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு விலை கையில் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. பல நூறு பவுண்டு செலவுக்கு மனம் தயாரான பிறகு இன்னும் சில பத்து பவுண்டு பெரிதாகத் தெரிவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் கடைக்குப் போட்டியாளரே கிடையாது.

இந்த நிமிடத்தின் மதிப்பை முதலில் கணக்கிட்டவர்களில் வரி அதிகாரிகளும் உண்டு. பிரிட்டனில் காப்பீட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. ஆகவே பொருளின் விலையைக் குறைத்துக் காட்டி, வாரண்டியின் விலையை ஏற்றி வைத்தால் வரி மிச்சமாகும். இந்த வழியை அடைப்பதற்காக 1997இல், மின்சாதனம் விற்பவர்கள் விற்கும் காப்பீட்டுக்குத் தனியாக 17.5 சதவீத வரி விதித்தார்கள். அன்றைய மதிப்புக்கூட்டு வரி விகிதமும் அதுவே.

அதைவிடத் தெளிவான சாட்சி 2009இல் வந்தது. டிக்ஸன்ஸ் குழுமம் விற்ற வாரண்டிகளின் அபாயத்தில் பெரும்பகுதியை, கார்ன்ஹில் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக, ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த அந்தக் குழுமத்தின் துணை நிறுவனமே ஏற்றுக்கொண்டிருந்தது. லாபமும் அந்தத் தீவுக்குப் போனது. அந்த லாபத்தில் எவ்வளவு பிரிட்டனில் வரிக்கு உட்பட வேண்டும் என்பது வழக்கு. தீர்ப்பாயம் வரித்துறையின் பக்கம் நின்றது. தீவில் இருந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக வாடிக்கையாளர்கள் இல்லை. வாங்குபவர் பணப்பையோடு வந்து நிற்கும் இடத்தைக் கையில் வைத்திருந்தது கடைதான். அந்தத் தொழிலின் பலமெல்லாம் அங்கேதான் இருந்தது என்பது தீர்ப்பின் சாரம். வரிக் கணக்குக்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் கடைத்தெருவின் விற்பனை முறையை இதைவிடச் சரியாக விளக்கிய ஆவணம் அரிது.

வாங்குபவர் தரப்பிலிருந்து இதே விஷயத்தைப் போட்டி ஆணையம் விசாரித்து 2003 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலானோர் வாரண்டியைப் பொருள் வாங்கும் இடத்திலேயே, வேறெங்கும் விசாரிக்காமல் வாங்குகிறார்கள், அதனால் சந்தையில் போட்டி இயங்கவில்லை என்று அது கண்டது. 2005 ஏப்ரலில் அதையொட்டிய ஆணை நடைமுறைக்கு வந்தது. பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே வாரண்டியின் விலையையும் எழுதி வைக்க வேண்டும். எழுத்தில் கொடுத்த விலை 30 நாள் செல்லுபடியாக வேண்டும். வாங்கியவர் மனம் மாறினால் 45 நாளுக்குள் முழுப் பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த மூன்று விதிகளும் குறிவைத்தது அந்த ஒரு நிமிடத்தைத்தான். அதை முன்னாலும் பின்னாலும் இழுத்து நீட்டி, வாங்குபவருக்கு யோசிக்க நேரம் கொடுத்தன.

விதி நல்ல விதிதான். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்து, மறுபடி கடைக்கு வந்து வாரண்டி வாங்குபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 2012இல் நியாய வர்த்தக அலுவலகம் இதே சந்தையை மறுபடி ஆராய்ந்தபோது அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி பவுண்டு. டிக்ஸன்ஸ், காமெட், ஆர்கோஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் வாரண்டிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இணையதளம் அமைப்பதாக உறுதி கொடுத்தன.

இந்த வாரண்டிப் பேச்சில் வழக்கமாக விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. அதுதான் மனதை உறுத்துகிறது. பிரிட்டனின் சரக்கு விற்பனைச் சட்டம் 1893லேயே வந்தது. அதன் 1979ஆம் ஆண்டு வடிவமும் பின்னர் வந்த திருத்தங்களும், விற்கப்படும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்று கூறின. நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை பொருள் உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டுவரை இந்த உரிமைக்காக வழக்குத் தொடரலாம். ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு. பொறுப்பு தயாரிப்பாளருடையது அல்ல, விற்ற கடையுடையது. இரண்டாம் ஆண்டில் தொலைக்காட்சி அணைந்துபோனால், 'வாரண்டி முடிந்துவிட்டது, தயாரிப்பாளரிடம் கேளுங்கள்' என்று கடை கைகழுவிவிட முடியாது. குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று காட்டும் சுமை வாங்கியவருக்கு இருந்தாலும், உரிமை உரிமைதான். பணம் கொடுத்து வாங்கும் வாரண்டி தவறிக் கீழே போடுவது, தேய்மானம் போன்றவற்றையும் தாங்கலாம். ஆனால் மக்களுக்குத் தங்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் எத்தனை வாரண்டிகள் விற்றிருக்கும் என்பது நியாயமான கேள்வி. 2008ஆம் ஆண்டின் நியாயமற்ற வணிக நடைமுறைகளுக்கு எதிரான விதிமுறைகள் 31 செயல்களை முற்றாகத் தடை செய்தன. சட்டம் ஏற்கெனவே தரும் உரிமையைத் தன் கடையின் தனிச் சலுகைபோல் காட்டுவது அவற்றில் ஒன்று. அப்படி ஒரு தடை எழுத வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

வாரண்டி ஒரு கருவிதான். வேறு பலவும் இருந்தன. தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிடும் பணியாளருக்குத் தனியாகக் காசு கொடுக்கும் வழக்கத்துக்கு ஆங்கில வணிகத்தில் ஸ்பிஃப் என்று பெயர். 1859இல் லண்டனில் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதியிலேயே, துணிக்கடைப் பையன்களுக்குக் கொடுக்கும் கழிவு என்று அது பதிவாகியிருக்கிறது. அதே வழக்கம் மின்பொருள் கடைகளுக்கும் வந்தது. குறிப்பிட்ட ஒரு மாடலைப் பணியாளர் மனமாரப் பரிந்துரைக்கும்போது, அந்தப் பரிந்துரைக்கு இன்னொருவர் பணம் கொடுத்திருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

பெயர்களும் வேலை செய்தன. ஜப்பானியப் பொருள்களுக்கு மதிப்பு ஏறியபோது டிக்ஸன்ஸ் குழுமம் சைஷோ, மட்சுய் என்று ஜப்பானியச் சாயல் கொண்ட பெயர்களில் தன் சொந்தப் பொருள்களை விற்றது. அதற்கு முன், ஜெர்மன் கேமராக்களின் காலத்தில், அதன் சொந்தப் பெயர் பிரின்ஸ். தள்ளுபடிக்கும் கணக்கு இருந்தது. 1968ஆம் ஆண்டின் வணிக விவரணைச் சட்டப்படி, பழைய விலையைக் காட்டிக் குறைத்ததாகச் சொல்ல வேண்டுமானால், முந்தைய ஆறு மாதத்தில் தொடர்ந்து 28 நாள் அந்தப் பழைய விலை இருந்திருக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டப்படும் விலைகள் அக்டோபரிலேயே திட்டமிடப்படுவதற்கு அந்த 28 நாள் போதுமானதாக இருந்தது. வேறெங்கும் இதைவிடக் குறைந்த விலை கண்டால் வித்தியாசத்தைத் தருகிறோம் என்ற வாக்குறுதியும் உண்டு. ஆனால் ஏறக்குறைய ஒரே இயந்திரம் ஒவ்வொரு பெரிய கடைக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ மாறிய மாடல் பெயரோடு வந்தால், ஒப்பிடுவதற்கு அதே பொருள் வேறெங்கும் கிடைக்காது.

கடைச் சுவரில் எரியும் தொலைக்காட்சிகளும் வீட்டு வெளிச்சத்துக்காக அமைக்கப்பட்டவை அல்ல. கடையின் பளீர் விளக்குகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக வண்ணமும் பிரகாசமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒலிபெருக்கி கேட்டுப் பார்க்கும் இடத்தில், சற்று உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதுபோல் காதுக்குத் தோன்றும்.

இதையெல்லாம் படிக்கும்போது கோபம் கடைப் பணியாளர்மீது திரும்புவது எளிது. அது நியாயமாகாது. சனிக்கிழமை முழுக்க நின்றபடி வேலை செய்யும் அந்த இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ நூறு பொருளுக்கு எத்தனை வாரண்டி விற்றாய் என்ற கணக்குதான் மேலிருந்து வருகிறது. எத்தனை பேர் நிறைவோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்க ஆள் இல்லை. இது ஊகமல்ல என்பதற்குக் கார்ஃபோன் வேர்ஹவுஸ் விவகாரம் சான்று. செல்பேசி விற்ற இந்த நிறுவனம் கீக் ஸ்க்வாட் என்ற பெயரில் செல்பேசிக் காப்பீடும் விற்றது. 2019 மார்ச்சில் நிதி நடத்தை ஆணையம் அதற்கு 2.91 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. 2008 டிசம்பர் முதல் 2015 ஜூன் வரை விற்கப்பட்ட அந்தக் காப்பீடுகளின் மதிப்பு 44.47 கோடி பவுண்டுக்கு மேல். வாடிக்கையாளருக்கு இது தேவையா, வீட்டுக் காப்பீட்டிலோ வங்கிக் கணக்கிலோ ஏற்கெனவே இப்படி ஒரு பாதுகாப்பு உண்டா என்று விசாரிக்கப் பணியாளர்கள் சரியாகப் பயிற்றப்படவில்லை. மறுப்பவரின் மறுப்பைக் கடந்து எப்படி விற்பது என்பதில் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஜனவரியில் விற்கப்பட்ட காப்பீடுகளில் 35 சதவீதத்தை வாங்கியவர்கள் மூன்று மாதத்துக்குள் ரத்து செய்தார்கள். மூன்றில் ஒருவர் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்ததும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு பொருளைக் கடையில் அவர் தன் விருப்பத்தோடு வாங்கினார் என்று சொல்ல முடியுமா? இந்த விவகாரத்தை ஆணையத்தின் காதுக்குக் கொண்டுபோனவர்கள் உள்ளிருந்து பேசியவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த விற்பனைப் பேச்சை மனசாட்சியோடு மறுத்தவர்களும் கடைக்குள்ளேயே இருந்தார்கள்.

வேறு மாதிரி கணக்குப் போட்ட கடையும் அதே தெருவில் இருந்தது. 1978இல், 19 வயதில், ஜூலியன் ரிச்சர் லண்டன் பாலத்தின் அருகே ஒரு சிறிய இடத்தில் ரிச்சர் சவுண்ட்ஸ் என்ற ஒலிக்கருவிக் கடையைத் திறந்தார். சதுர அடிக்கு இவ்வளவு விற்பனை உலகில் வேறெந்தக் கடையிலும் இல்லை என்று கின்னஸ் புத்தகம் அதைப் பல ஆண்டுகள் பதிந்து வைத்தது. ரிச்சர் செய்த அடிப்படை மாற்றம் ஊக்கத்தொகையில். வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டு, சேவை மிக நன்று என்று அவர் எழுதினால் பணியாளருக்குக் காசு. கடையை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசுவதற்காக மாதம் ஒருமுறை ஊழியர்கள் ஒன்றாகப் போய் உட்கார, தலைக்கு ஐந்து பவுண்டு கொடுக்கும் பழக்கமும் அங்கே இருந்தது. பல தொலைக்காட்சிகளுக்கு ஆறு ஆண்டு உத்தரவாதத்தைக் கூடுதல் கட்டணமில்லாமலே தந்தார்கள். மற்ற கடைகள் தனியாக விற்றுச் சம்பாதித்த பயத்தை இங்கே விலைக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். பழைய வாடகைக் கடையின் நிலைமை மீண்டும் வந்தது. ஆறு ஆண்டுக்குள் பழுதாகும் பெட்டியை விற்றால் நஷ்டம் கடைக்கு.

2019 மே மாதத்தில் ரிச்சர் தன் பங்குகளில் 60 சதவீதத்தை ஊழியர் அறக்கட்டளைக்கு மாற்றினார். அதற்காகக் கிடைத்த 92 லட்சம் பவுண்டிலிருந்து, இயக்குநர்கள் தவிர்த்த மற்ற ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 பவுண்டு கொடுத்தார். ரிச்சர் சவுண்ட்ஸ் சிறிய நிறுவனம், ஐம்பது சொச்சம் கடைகள்தான். அதன் முறையைப் பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அப்படியே பொருத்த முடியுமா என்று கேட்கலாம். அந்தத் தயக்கத்துக்கு இடமுண்டு. ஆனால் அவரும் விற்றது அதே தொலைக்காட்சிகளைத்தான், அதே தெருவில், அதே மெலிந்த லாபத்துக்கு.

மாற்றிப் பார்க்க மற்றவர்களும் முயன்றார்கள். அமெரிக்காவின் பெஸ்ட் பை, பணியாளருக்குக் கமிஷன் இல்லாத விற்பனையை முன்வைத்து 2010 ஏப்ரலில் துராக்கில் தன் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தது. பதினொரு கடைகளோடு, இரண்டு ஆண்டுக்குள் மூட்டை கட்டியது. ஆன்லைன் விலைப்போட்டி அப்போது உச்சத்தில் இருந்தது. டிக்ஸன்ஸே 2006இல் அந்தப் பெயரைக் கடைத்தெருவிலிருந்து எடுத்து இணையத்துக்குக் கொண்டுபோயிருந்தது. 2009இல் அதன் விளம்பரங்கள் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டப்பட்டன. நல்ல சேவைக்குப் பேர்போன பெரிய அங்காடிகளுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வாங்குவதை மட்டும் எங்கள் இணையதளத்தில் வாங்குங்கள் என்பது அவற்றின் பொருள். இந்த விளம்பரம் சாமர்த்தியமானது. அதைவிட வருத்தம் தருவது. விளக்கிச் சொல்லும் உழைப்பு ஒரு கடையுடையது, விற்ற காசு இன்னொரு கடைக்கு. அப்படியானால் விளக்கிச் சொல்லும் ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

சேவையைக் குறைத்து லாபத்தைப் பிடிக்கப் பார்ப்பது எவ்வளவு வேகமாகத் திருப்பி அடிக்கும் என்பதை ஆப்பிள் கண்டது. டிக்ஸன்ஸின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் பிரவெட் 2012இல் ஆப்பிளின் கடைகளுக்குப் பொறுப்பேற்றார். கடைப் பணியாளர்களின் வேலை நேரம் குறைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்திலேயே அது தவறு என்று ஆப்பிள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அக்டோபரில் அவர் விலக வேண்டியதாயிற்று.

அதே 2012இல் காமெட் விழுந்தது. பிப்ரவரியில் அதன் கைமாற்று விலை 2 பவுண்டு. விற்றவரே 5 கோடி பவுண்டைக் கூடவே கொடுத்தார். நவம்பரில் திவால். டிசம்பர் 18 அன்று கடைசிக் கடைகள் கதவடைத்தபோது, 236 கடைகளும் ஏறக்குறைய 7,000 பேரின் வேலையும் போயிருந்தன. ஊழியர்களிடம் முறைப்படி கலந்து பேசாமல் வேலையை விட்டு நீக்கியது தவறு என்று 2014இல் தொழிலாளர் தீர்ப்பாயம் சொன்னது. அதற்கான இழப்பீடு அரசின் நிதியிலிருந்து போனது. ஹல் நகரத்து வீடுகளுக்கு வாராவாரம் பேட்டரி கொண்டுபோன கடை அது. 2018 பிப்ரவரி 28 அன்று மேப்ளினும் போனது. ஒரு ரெசிஸ்டரையோ ஒரு பிளக்கையோ தனியாகக் கேட்டு வாங்கக்கூடிய, தொழில் தெரிந்த பணியாளர்கள் இருந்த கடை என்று பெயரெடுத்தது. எஞ்சி நிற்பது கரீஸ். கரீஸையும் நடத்திவந்த டிக்ஸன்ஸ் குழுமமும் கார்ஃபோன் வேர்ஹவுஸும் 2014இல் இணைந்து, 2021இல் அந்தப் பழைய சைக்கிள் கடைப் பெயரையே முழு நிறுவனத்துக்கும் சூட்டிக்கொண்டன. நாட்டிங்ஹாம்ஷயரின் நியூவார்க்கில் அதற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய பழுதுநீக்கும் கூடங்களில் ஒன்று இருக்கிறது. சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்னும் அந்தத் தொழிலில் மிச்சமிருக்கின்றன என்பது ஆறுதல்.

அபெர்டீன் வாடிக்கையாளருக்கு வருவோம். கணினியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தவர் கடன் தவணையைக் கட்டவில்லை. வங்கி அவரைக் கடன் தவறியவர் என்று தகவல் நிறுவனங்களில் பதிந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் அவருக்குக் கடன் கிடைக்கவில்லை. ஸ்பெயினில் வீடு வாங்கும் திட்டமும் அதனால் கெட்டதென்று அவர் வாதிட்டார். 2008இல் அபெர்டீன் நீதிமன்றம் 1,16,674 பவுண்டு வழங்கச் சொன்னது. 2010இல் மேல்முறையீட்டில் அது பறிபோனது. 2014 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம், கணினி விற்பனையோடு சேர்த்துக் கடன் ஒப்பந்தத்தையும் அவர் முறித்துக்கொண்டது செல்லும் என்றும், அதை விசாரிக்காமலே வங்கி அவர் பெயரைக் கெடுத்தது தவறு என்றும் தீர்ப்பளித்தது. ஸ்பெயின் வீட்டைப் பற்றிய கீழ்மன்ற முடிவில் தலையிட அதற்கு வழியிருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது 8,000 பவுண்டு.

அதற்கடுத்த ஆண்டு அக்டோபர் 1 அன்று பிரிட்டனில் நுகர்வோர் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு நியாயமான காலம் என்று அதுவரை மங்கலாக இருந்ததற்கு அது ஓர் எண் கொடுத்தது. சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போது இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் வேலை. பழுதுபார்க்கக் கடைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் சரியாகவில்லை என்றால் வாங்கியவர் பொருளை நிராகரிக்கலாம்.

அபெர்டீனில் அந்த மனிதர் கணினிப் பெட்டியோடு கடை வாசலில் நின்றது இரண்டாம் நாள்.